அக்டோபர்ல ஸ்டுட்கார்ட் போறேன்: கிளம்புறதுக்கு முன்னாடி உண்மையில என்ன செய்யணும்?

கதிர்_மெக் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்துல மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைச்சிருக்கு. அக்டோபர் 1 செமஸ்டர் ஆரம்பம், வகுப்பு மாசத்து நடுவுலதான். ஏபிஎஸ் சான்றிதழ் (நம்ம படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தர்றது) கைக்கு வந்தாச்சு. பிளாக்டு அக்கவுண்ட்ல (விசாவுக்காக மொத்தமாப் போட்டு, மாசாமாசம் ஒரு பங்கு மட்டும் எடுக்கிற கணக்கு) 11,904 யூரோ கட்டியாச்சு. விசாவுக்கு ஆன்லைன் போர்ட்டல்ல விண்ணப்பம் போட்டுட்டு அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கேன்.

வீட்ல எல்லாரும் பெட்டி கட்டுறதைப் பத்தியே பேசுறாங்க. எத்தனை ஸ்வெட்டர், எத்தனை கிலோ, எந்த பிளக் அடாப்டர்னு பட்டியல் ரெண்டு பக்கம் போயிடுச்சு. எனக்கு அந்த முதல் மாசம்தான் கவலையா இருக்கு. ரூம் இன்னும் கிடைக்கல. போய் இறங்கி ஒரு மாசம் பயணிகள் ஹாஸ்டல்ல தங்கிக்கிட்டே தேடிக்கலாம்னு ஒரு சீனியர் சொல்றார். அது சரிவருமா? கையில எவ்வளவு பணம் வச்சுக்கணும்? மாசம் 992 யூரோ வந்துடுமே, அது போதாதா? அங்கே இருக்கறவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

---

நெக்கார்கரை எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. நான் இங்கே ஃபைஹிங்கன் கேம்பஸ்லதான் படிச்சேன், இப்பவும் ஸ்டுட்கார்ட்லதான் வேலை. ஒவ்வொரு செப்டம்பரும் புதுசா வர்றவங்களுக்குக் கூடமாட உதவி பண்றேன். அதனால நீளமாவே எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

முதல்ல அந்தப் பெட்டிப் பட்டியலை மூடி வையுங்க. நீங்க இப்போ தேட வேண்டியது ஒரு முகவரி. ஜெர்மனியில முதல் ரெண்டு மாசத்து வேலை முழுக்க அதுலதான் தொங்குது. எப்படின்னு சொல்றேன்.

குடியேறின ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி அலுவலகத்துல போய் பதிவு பண்ணணும். அன்மெல்டுங்னு சொல்வாங்க. அதுக்கு வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினா நடக்காது. வீடு கொடுத்தவர் "இவர் இந்தத் தேதியில இருந்து இங்கே குடியிருக்கார்"னு தனியா ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டுத் தரணும். அதுக்குப் பேரு வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். பேரு நீளம், ஆனா ஒரே ஒரு பக்கம்தான். ஹாஸ்டல்லயும் குறுகிய கால விடுதிகள்லயும் அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் தர மாட்டாங்க. அது இல்லாம பதிவு இல்ல. பதிவுத் தாள் இல்லாம பல வங்கிகள் கணக்கு திறக்காது. உங்க பேர்ல இங்கே ஒரு சாதாரணக் கணக்கு இருந்தாத்தான் பிளாக்டு அக்கவுண்ட்ல இருந்து அந்த 992 யூரோ விழும். வரி எண் தபால்ல வர்றதும் பதிவுக்குப் பிறகுதான். அந்த எண் இல்லாம பகுதி நேர வேலையில சேர்ந்தா, முதலாளி ஆறாம் வரி வகுப்புல வச்சுப் பிடிப்பாங்க. அதுதான் இருக்கறதுலயே அதிகப் பிடித்தம். கடைசியா ரெசிடென்ஸ் பெர்மிட். உங்க முகவரி எந்த ஊர்லயோ, அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துலதான் அதுக்கு விண்ணப்பிக்கணும்.

அதனால "போய் இறங்கித் தேடிக்கலாம்"னு சொல்றவர் சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். தேடிக்கலாம்தான். ஆனா தேடி முடிக்கற வரைக்கும் மேலே சொன்ன எதுவும் நகராது, கைக்காசு மட்டும் கரைஞ்சுக்கிட்டே இருக்கும்.

இன்னைக்கே செய்ய வேண்டியது: ஸ்டூடியரெண்டன்வெர்க் (மாணவர் நல அமைப்பு) நடத்துற விடுதிக்கு விண்ணப்பம். அட்மிஷன் கடிதம் வந்த அன்னைக்கே போட்டிருக்கணும், போடலேன்னா இப்போ போடுங்க. கேம்பஸ் பக்கத்துல அல்மாண்ட்ரிங், ப்ஃபாஃபன்ஹோஃப், ஷ்ட்ரவுஸ்எக்கர்னு பல விடுதிகள் இருக்கு. ஒரே ஒரு விடுதி பேரை மட்டும் குறிச்சுட்டுக் காத்திருக்காதீங்க, கேட்க விடுற அத்தனையையும் கேளுங்க. காத்திருப்போர் பட்டியல் நீளம், அதனால இதை மட்டும் நம்பவும் கூடாது.

ரெண்டாவது வழி ட்ஸ்விஷன்மீட்டே, அதாவது உள்வாடகை. இங்கே படிக்கிறவங்க இன்டர்ன்ஷிப்புக்கோ வெளிநாட்டு செமஸ்டருக்கோ போகும்போது தங்களோட ரூமை ஆறு மாசத்துக்கு விட்டுட்டுப் போவாங்க. மேசை, கட்டில் எல்லாம் இருக்கும். அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும்னு வர்ற விளம்பரங்கள் ஜூலை, ஆகஸ்ட்ல நிறைய வரும். கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை இல்ல, "இங்கே அன்மெல்டுங் பண்ண முடியுமா?"ங்கறதுதான். முடியாதுன்னா அடுத்ததைப் பாருங்க.

மூணாவது, ஊரையே கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. கேம்பஸுக்குள்ளேயே 'யூனிவெர்ஸிட்டேட்'னு எஸ்-பான் (புறநகர் ரயில்) நிலையம் இருக்கு, எஸ்1, எஸ்2, எஸ்3 மூணும் நிக்கும். எஸ்1 பிடிச்சா பேப்லிங்கன், ஹெரன்பெர்க் பக்கத்துல இருந்து மாறாம நேரா வந்து இறங்கலாம். பெரிய நகரத்து வெளிநாட்டவர் அலுவலகங்கள்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறது கஷ்டம். சின்ன ஊர்ல குடியிருந்தா அந்த ஊர் அலுவலகத்துக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ போவீங்க, பல நேரம் அங்கே வேலை சீக்கிரம் முடியும். இதை யாரும் முன்கூட்டியே யோசிக்கறதில்ல.

பகிர்ந்து குடியிருக்கிற வீடுகளுக்கு (வேகேன்னு சொல்வாங்க) எழுதும்போது ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பாதீங்க. விளம்பரத்தைக் கடைசி வரி வரைக்கும் படிங்க. நடுவுல எங்கேயாவது "உங்க செய்தியில பிடிச்ச நிறத்தை எழுதுங்க"ன்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும். படிச்சியா இல்லையான்னு பார்க்கத்தான் அது. அதை எழுதாத செய்தியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாங்க. நாலு வரி ஜெர்மன்ல, மீதி ஆங்கிலத்துல: நீங்க யாரு, என்ன படிக்கப் போறீங்க, சமைப்பீங்களா, எத்தனை மணிக்குத் தூங்குவீங்க, என்னைக்கு வருவீங்க, வீடியோவுல பேசத் தயார். அவ்வளவு போதும். "எனக்கு அவசரமா ரூம் வேணும், ப்ளீஸ்"னு எழுதறது வேலைக்கு ஆகாது.

ஏமாத்துறவங்க விளம்பரமும் இதுக்குள்ள கலந்திருக்கும். பளபளன்னு படம், சந்தையைவிட ரொம்பக் குறைஞ்ச வாடகை, உரிமையாளர் "இப்போ வேற நாட்டுல இருக்கேன், டெபாசிட் அனுப்புங்க, சாவியை கூரியர்ல அனுப்பறேன்"னு சொல்வார். பாஸ்போர்ட் நகலையும் கேட்பார். ஒரு சென்ட்கூட அனுப்பாதீங்க, பாஸ்போர்ட் நகலும் வேண்டாம். வீடியோவுல வீட்டுக்குள்ள நடந்து காட்டச் சொல்லுங்க, முடிஞ்சா இங்கே இருக்கிற யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்க. கேம்பஸ் பக்கம்னா நானே போய்ப் பார்ப்பேன், தயங்காமக் கேளுங்க.

இப்போ பணம். 992 மாசாமாசம்தான் வரும், ஆனா முதல் மாசச் செலவு 992-ல நிக்காது. ஸ்டுட்கார்ட் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஐரோப்பிய யூனியனுக்கு வெளியில இருந்து வர்ற மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம், 2017 குளிர்கால செமஸ்டர்ல இருந்தே இருக்கு. அதோட செமஸ்டர் பங்களிப்புத் தொகை தனி. முதல் வாடகை, டெபாசிட், ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாம் அதே வாரங்கள்ல வந்து நிக்கும். சாதாரண வாடகை வீட்டுக்கு டெபாசிட் மூணு மாசக் 'கால்ட்மீட்டே'க்கு (ஹீட்டிங், தண்ணி சேர்க்காத வாடகை) மேல கேட்கக் கூடாதுன்னு சட்டம். அதையும் மூணு சம தவணையாக் கட்ட உங்களுக்கு உரிமை இருக்கு, முதல் தவணை குடியேறும்போது. வீட்டுக்காரர் தானா சொல்ல மாட்டார், நீங்கதான் கேட்கணும். கல்விக் கட்டணம் போக, ரெண்டு மாசச் செலவு அளவுக்காவது தனியா வச்சுக்கிட்டு வாங்க. அதுல பெரும்பகுதி கார்டுல இருக்கட்டும், கொஞ்சம் ரொக்கம் போதும். 10,000 யூரோவோ அதுக்கு மேலயோ ரொக்கமாக் கொண்டு வந்தா எல்லையில அறிவிக்கணும்ங்கறதும் தெரிஞ்சிருக்கட்டும்.

ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல ஒரு முடிவு இருக்கு, அதை நல்லா யோசிச்சு எடுங்க. 30 வயசுக்குக் கீழேன்னா அரசுசார் காப்பீட்டுல மாணவர் விகிதம் கிடைக்கும், மாசம் 150 யூரோவை ஒட்டி வரும். தனியார் காப்பீடு விலை குறைவுன்னு யாராவது சொல்வாங்க. அதுக்காக அரசுசார் காப்பீட்டுல இருந்து விலக்கு வாங்கிட்டா, படிப்பு முடியற வரைக்கும் திரும்ப வர முடியாது. மருத்துவமனையில படுக்க வேண்டி வந்தா அப்போதான் அந்த வித்தியாசம் தெரியும். நான் எல்லார்கிட்டயும் அரசுசார் காப்பீட்டையே எடுக்கச் சொல்றேன். ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல பதிவு பண்ணிக்கலாம், அந்தக் காப்பீட்டு நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில தகவல் அனுப்பிடும். அது போய்ச் சேர்ந்தாத்தான் உங்க சேர்க்கை முடியும். வந்து இறங்கற நாள்ல இருந்து அது அமலுக்கு வர்ற வரைக்கும் பயணக் காப்பீடு இருக்கட்டும்.

---

கதிர்_மெக் எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி. நீங்க சொன்னதும் விடுதி விண்ணப்பத்தைப் போட்டுட்டேன், எஸ்1 வழியில இருக்கிற ஊர்கள்லயும் தேட ஆரம்பிச்சுட்டேன்.

இன்னொரு சந்தேகம். என் பாஸ்போர்ட்ல சர்நேம் இடம் காலி. கிவன் நேம்ல என் பேர் மட்டும்தான். டிகிரி சான்றிதழ்ல அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியலா முன்னாடி வருது. அட்மிஷன் கடிதத்துல என் பேரையே ரெண்டு தடவை போட்டிருக்காங்க. இதனால பிரச்சனை வருமா? பாஸ்போர்ட்டை மாத்திடலாமா?

---

நெக்கார்கரை எழுதியது:

விசா விண்ணப்பம் உள்ளே இருக்கும்போது பாஸ்போர்ட்டைத் தொடவே தொடாதீங்க. நம்ம ஆட்கள் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான், சமாளிக்கலாம்.

பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அதுதான் உங்க பேர். விமான டிக்கெட், காப்பீடு, வங்கி எல்லாத்துலயும் அதை ஒட்டியே போங்க. சான்றிதழ்ல இருக்கிற பேரும் பாஸ்போர்ட்ல இருக்கிற பேரும் ஒரே ஆள்னு ஒரு அஃபிடவிட் நோட்டரிகிட்ட வாங்கி ஆங்கிலத்துல வச்சுக்கோங்க. பிறப்புச் சான்றிதழையும் அசலாக் கொண்டு வாங்க.

அன்மெல்டுங் மேசையில உட்காரும்போதுதான் ரொம்பக் கவனம் வேணும். அந்த அலுவலர் கணினியில உங்க பேரை எந்தக் கட்டத்துல எப்படி ஏத்துறாரோ, அதே வடிவம்தான் வரி எண்ணுக்கும் போகும். தாளை அச்சடிச்சு நீட்டினதும் எழுந்துடாதீங்க. பேர், பிறந்த தேதி, பிறந்த ஊர், எழுத்துக்கூட்டி ஒவ்வொண்ணாப் பாருங்க. ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் அங்கேயே சொல்லுங்க, அங்கேயே திருத்தித் தருவாங்க. வீட்டுக்கு வந்து பார்த்தா மறுபடி அப்பாயின்ட்மென்ட் பிடிக்கணும்.

அடுத்தது தபால் பெட்டி. இங்கே பல கட்டடங்கள்ல ஃபிளாட்டுக்கு எண்ணே கிடையாது. கீழே வாசல்ல வரிசையா அழைப்பு மணி, அதுக்குப் பக்கத்துல வரிசையா தபால் பெட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு பேர்ச் சீட்டு. தபால்காரர் கவர்ல இருக்கிற பேரையும் பெட்டியில இருக்கிற பேரையும் பார்த்துத்தான் போடுவார். உங்க பேர் அங்கே இல்லேன்னா கடிதம் திரும்பிப் போயிடும். வங்கிக் கார்டு ஒரு கவர்ல வரும், அதோட பின் எண் வேற ஒரு நாள் வேற கவர்ல வரும். காப்பீட்டு அட்டை, வரி எண், வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம் எல்லாமே அந்தத் தகரப் பெட்டிக்குத்தான் வந்தாகணும். அதனால சாவி வாங்கின அன்னைக்கு, துணிப் பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடி, தபால் பெட்டியில உங்க பேரைத் தெளிவா எழுதி ஒட்டுங்க. உள்வாடகைன்னா அசல் குடித்தனக்காரர் பேர் அங்கே இருக்கும், அதுக்குக் கீழே உங்க பேர். பல்கலைக்கழகத்துக்காரங்க பேரை ரெண்டு தடவை போடுறாங்கன்னா அந்த வடிவத்தையும் சேர்த்து எழுதிடுங்க. ஒரு ரோல் ஒட்டு டேப்பும் ஒரு நல்ல கறுப்புப் பேனாவும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

போட்டோ கத்தை கத்தையாக் கொண்டு வர வேண்டியதில்ல. 2025 மே மாசத்துல இருந்து ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டைக்கு டிஜிட்டல் படம்தான், வெளிநாட்டவர் அலுவலகத்துலயோ அனுமதி பெற்ற ஸ்டூடியோ, கடைகள்லயோ எடுத்து நேரா அனுப்பிடுவாங்க. விசாவுல போட்டிருக்கிற கடைசித் தேதியை மொபைல் காலண்டர்ல குறிச்சு, அதுக்கு வெகு முன்னாடியே பெர்மிட்டுக்கு ஆன்லைன்ல விண்ணப்பிச்சுடுங்க. தேதி முடியறதுக்குள்ள விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததுக்கு ஆதாரம் கையில இருக்கணும்.

---

டெல்ஃப்ட்_ராகவன் எழுதியது:

நெதர்லாந்து போறவங்க யாராவது இதைப் படிச்சா, இங்கேயும் கதை அதேதான், இன்னும் கடுமை. நாலு மாசத்துக்கு மேல தங்க வர்றவங்க வந்த அஞ்சு நாளுக்குள்ள நகராட்சியில பதியணும், அப்போதான் பிஎஸ்என்ங்கற குடிமக்கள் சேவை எண் கிடைக்கும். அது இல்லாம சம்பளமும் இல்ல, காப்பீடும் இல்ல. வீட்டுப் பஞ்சம் எப்படின்னா, ரூம் உறுதியாகலேன்னா கிளம்பியே வராதீங்கன்னு பல்கலைக்கழகங்களே மாணவர்களுக்குச் சொல்லியிருக்காங்க. வேலை விஷயத்துலயும் ஜெர்மனி மாதிரி இல்ல. நமக்கு வாரம் 16 மணி நேரம், இல்லேன்னா ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல முழு நேரம். அதுக்கும் முதலாளிதான் அனுமதி வாங்கித் தரணும், பாதிப் பேர் அந்தத் தொல்லையே வேண்டாம்னு ஆளை எடுக்க மாட்டாங்க. பகுதி நேர வேலையை நம்பி பட்ஜெட் போட்டு இங்கே வராதீங்க.

---

அன்ரி_டோர்ட்முண்ட் எழுதியது:

தம்பி, நான் இஞ்ச கன வருசமா இருக்கிறன். என்ர பிள்ளையளும் இஞ்சதான் படிச்சவை. நெக்கார்கரை என்ட பிள்ளை எழுதினது எல்லாம் சரி. நான் ரெண்டு மூண்டு விசயம் மட்டும் சொல்லுறன்.

டிசம்பர் மாசம் பின்னேரம் நாலு, நாலரைக்கே இருட்டிப்போம். குளிரைவிட அந்த இருட்டுத்தான் புதுசா வாற பிள்ளையளை வாட்டுறது. அறைக்குள்ளயே கிடக்காதேங்கோ. மத்தியானத்தில அரை மணித்தியாலம் என்டாலும் வெளிய நடவுங்கோ. பல்கலைக்கழகத்தில விளையாட்டு வகுப்புகள் மலிவு, செமஸ்டர் துவங்கின உடனயே பதிஞ்சு போடுங்கோ, கெதியா நிரம்பிப் போம். பொறுக்க முடியாமல் வந்தால் ஸ்டூடியரெண்டன்வெர்க்கில ஆலோசனை சொல்லுற ஆக்கள் இருக்கினம், காசு இல்லை. போய்க் கதைக்கிறதில ஒரு வெட்கமும் இல்லை.

வருத்தம் (நோய்) வந்தால் என்ன செய்யிறது என்டு இப்பவே தெரிஞ்சு வையுங்கோ. உயிருக்கு ஆபத்து என்டால் 112. இரவில, சனி ஞாயிறில டொக்டர் தேவை, ஆனா அவ்வளவு அவசரம் இல்லை என்டால் 116117. சுகமா இருக்கேக்கையே வீட்டுக்குக் கிட்ட ஒரு குடும்ப டொக்டரைப் பார்த்து வையுங்கோ, புது ஆக்களை எடுக்காத இடங்கள் நிறைய. நீங்கள் ஏதும் மருந்து தொடர்ந்து எடுக்கிறனீங்கள் என்டால், மருந்தின்ர உள்ளடக்கப் பேர் எழுதின டொக்டர் கடிதம் ஆங்கிலத்தில கொண்டு வாங்கோ.

ஞாயிற்றுக்கிழமை கடையள் பூட்டு. சனிக்கிழமை பின்னேரம் வந்து இறங்கினால் அடுத்த நாள் சாப்பாட்டுக்கு அலைய வேண்டி வரும், பெரிய ரயில் நிலையத்துக் கடையள் மாதிரி சிலதுதான் துறந்திருக்கும். குளிர் உடுப்பு இஞ்ச வந்து வாங்குங்கோ, பாவிச்ச கடையளிலயும் நல்லது கிடைக்கும்.

---

கதிர்_மெக் எழுதியது:

நன்றி அன்ரி, நன்றி ராகவன். அக்கா, ஹெரன்பெர்க்ல ஒரு உள்வாடகை ரூம் பேசி முடிச்சிருக்கேன். அக்டோபர் 1-ல இருந்து மார்ச் வரைக்கும், அன்மெல்டுங் பண்ணலாம்னு எழுத்துலயே சொல்லிட்டாங்க, அந்தப் படிவத்தையும் முதல் நாளே தர்றேன்னாங்க. வீடியோவுல வீடு பூரா காட்டினாங்க. செப்டம்பர் கடைசி வாரம் வந்து சில நாள் ஸ்டுட்கார்ட்ல தங்கிட்டுப் போகலாமான்னு யோசிக்கிறேன். வேலைக்கு எப்போ தேட ஆரம்பிக்கலாம்?

---

நெக்கார்கரை எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி, பாதி மலை ஏறிட்டீங்க. உள்வாடகைக்கு வீட்டுக்காரர் சம்மதம் இருக்கான்னு மட்டும் ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. மார்ச்சுக்குப் பிறகு எங்கேங்கறதுக்கு விடுதி வரிசையில இருந்து பேரை எடுத்துடாதீங்க.

செப்டம்பர் கடைசியில ஸ்டுட்கார்ட்ல கான்ஷ்டாட்டர் ஃபோல்க்ஸ்ஃபெஸ்ட் ஆரம்பிச்சுடும். ரெண்டு வாரத்துக்கு மேல ஊரே திருவிழாவா இருக்கும், ஹாஸ்டல் படுக்கைகூட விலை ஏறிடும். முன்பதிவு இல்லாம அந்த வாரத்துல வந்து இறங்காதீங்க. அந்த ரூம்காரர் ரெண்டு நாள் முன்னாடியே சாவி தருவாரான்னு கேளுங்க, அதுதான் நல்லது. வாரநாள்ல, பகல்ல வந்து சேர்ற மாதிரி டிக்கெட் போடுங்க. ஹெரன்பெர்க் நகராட்சியில அப்பாயின்ட்மென்ட்டை இப்பவே பார்த்து அக்டோபர் முதல் வாரத்துக்குப் பிடிங்க.

வேலையை முதல் செமஸ்டர்ல தேடாதீங்கங்கறது என் கருத்து. சட்டப்படி வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் செய்யலாம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உதவியாளர் வேலைன்னா அந்தக் கணக்குலயே வராது. குறைந்தபட்ச ஊதியம் 2026-ல மணிக்கு 13.90 யூரோ. ஆனா இங்கே பல பாடங்களுக்குத் தேர்வுக்குத் தனியா போர்ட்டல்ல பதியணும், வகுப்புக்குப் போனா மட்டும் போதாது. தவறினா எழுதற வாய்ப்புகளும் எண்ணிக்கையோடதான். அந்த முறை பழகற வரைக்கும் படிப்புல நில்லுங்க. அதுக்குள்ள ஜெர்மன் மொழியில பி1 (நடுத்தர நிலை) வரைக்கும் போயிட்டீங்கன்னா ரெண்டாவது செமஸ்டர்ல நல்ல வேலையாவே கிடைக்கும்.

குடியேறினதும் கதவுல 'கேர்வோஹே'ன்னு எழுதின ஒரு சின்னப் பலகை தொங்கினா, அந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கறது உங்க வீட்டு முறைன்னு அர்த்தம். இந்தப் பக்கத்து ஊர்கள்ல அதை ரொம்ப மதிப்பாங்க. செஞ்சு முடிச்சுட்டுப் பலகையை அடுத்த வீட்டுக் கதவுல மாட்டிடுங்க. ரூம் ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்புங்க, படிச்சுச் சொல்றேன்.